மினுங்கக் கூடாத வில்லைகள்

என் செல்லத் தங்கச்சி பாக்கியம்,

இதை நானேதான் எழுதுகிறேன். யாரையும் கூப்பிட்டுச் சொல்லி எழுத வைக்கவில்லை. மாலை வகுப்பில் சேர்ந்து, இந்த வயதில் எழுத்தைப் பிடித்துவிட்டேன். ஒரு வரி எழுதினால் விரல் வலிக்கிறது. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. முதல் கடிதம் உனக்குத்தான் என்று வைத்திருந்தேன். சொல்ல ஒரு சேதியும் வந்துவிட்டது. உன் மகள் மலரைப் பற்றி.

நீ கண்ணை மூடியபோது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது பல்கலைக்கழகத்தில், வேதியியல் துறையில் ஆராய்ச்சி செய்கிறாள். சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீரை ஊற்றினால், சாயத்தைப் பிடித்துக்கொண்டு தெளிந்த தண்ணீரைக் கீழே விடுகிற வில்லை ஒன்று செய்திருக்கிறாள். நம் ஊர்க் களிமண், உடைந்த கோப்பையை அரைத்த தூள், அப்புறம் அவள் சேர்க்கும் மருந்து. உள்ளங்கை அகலம்தான். துறையின் சின்ன உலையில் சுட்டது நன்றாக வேலை செய்தது. ஆனால், ஊர்ச் சூளையில் சுட்டதைக் காட்டினால்தான் மேற்கொண்டு அனுமதி என்று நிபுணர் குழு சொல்லிவிட்டது. அதனால் நான் வேலைக்குப் போகும் பீங்கான் பட்டறைச் சூளையிலேயே அடுக்கினோம்.

குழு வருவதற்கு முந்தின நாள் காலையில் சூளையைத் திறந்தோம். எல்லா வில்லையும் கண்ணாடி போல மினுங்கின. மலரின் முகம் வெளுத்துவிட்டது.

"யாரு மாமா கிளேஸ் போட்டது?"

அஞ்சலையை நினைவிருக்கிறதல்லவா, உன்னோடு உட்கார்ந்து பொம்மைகளுக்குக் காது ஒட்டியவள்? இப்போது, சுடுவதற்கு முன் சாமான்களைக் கிளேஸ் பூச்சில் முக்குகிற வேலை அவளுக்கு. சிரித்துக்கொண்டே முன்னால் வந்தாள்.

"நாந்தாண்டி. மூஞ்சி கழுவாத கொழந்த மாதிரி சொரசொரன்னு கெடந்துச்சு. படிக்கிற புள்ள மறந்துட்டாளேன்னு அத்தனையும் முக்கி வச்சேன். எப்படி பளபளன்னு இருக்குது பாரு!"

"அத்த, சொரசொரப்புலதான் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்குது. தண்ணி அது வழியாத்தான் எறங்கணும். மூக்க அடைச்சிட்டீங்களே."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சூளைக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். மறுபடி சுட்டு ஆறவைக்க நேரம் இல்லை. நீ இருந்திருந்தால் என்ன சொல்லித் தேற்றியிருப்பாய்? எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

திரும்பி வந்தவள் சாணைச் சக்கரத்தை ஓட்டச் சொன்னாள். மேல்பூச்சைத் தேய்த்து எடுக்கப் பார்த்தாள். ஒன்று விரிசல் விட்டது. இன்னொன்று பிளந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில், தேய்த்ததில் முழுசாக மிஞ்சியது ஒரே ஒரு வில்லை. உள்ளே ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா, கிளேஸ் உருகி இறங்கி அடைத்துவிட்டதா, யாருக்குத் தெரியும்?

மறுநாள் என்னையும் கூட்டிப் போனாள். அண்மையில் அங்கே நடந்த ஆராய்ச்சிகளைத் துறையின் வாசல் சுவரில் படத்தோடு ஒட்டியிருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். நண்டு ஓட்டிலிருந்து புண்ணுக்குக் கட்டும் துணி செய்திருக்கிறார் ஒருவர். வெயிலில் மின்சாரம் எடுக்கும் பூச்சு செய்திருக்கிறாள் ஒரு பெண். மலரின் பெயருக்குக் கீழே இடம் காலியாக இருந்தது.

குழு வந்து உட்கார்ந்தது. மலர், தேய்க்காமல் விட்டிருந்த மினுங்குகிற வில்லை ஒன்றை வைத்து, அதன்மேல் நீலச் சாயத்தண்ணீரை ஊற்றினாள். தூக்கிவாரிப் போட்டது எனக்கு. இதை ஏன் எடுத்தாள்? தண்ணீர் குளம் போல நின்றது.

"ஏம்மா, இது வடிகட்டியா, சாஸரா?" என்றார் குழுவில் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"சாஸர்தான் சார். எங்க ஊருல எதப் பாத்தாலும் கிளேஸ் போடத்தான் கை போகும். போடக் கூடாதுன்னு நான் சொல்லி வச்சிருக்கணும். தேய்ச்செடுத்தது ஒண்ணு இருக்குது. வேலை செய்யுமான்னு எனக்கே தெரியாது. உங்களோட சேர்ந்துதான் பாக்கப் போறேன்."

ஊற்றினாள். வில்லையின் அடிப்பக்கம் காய்ந்தே கிடந்தது. சிரித்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு லேசாக ஈரம் தெரிந்தது. ஈரம் திரண்டு சொட்டாகித் தொங்கியது. விழ மாட்டேன் என்கிறது, பாக்கியம்! என் உயிரும் அதோடு தொங்கியது. விழுந்தது. கீழே இருந்த வெள்ளைக் கோப்பையில் அது விழுந்த இடமே தெரியவில்லை. அவ்வளவு தெளிவு.

குழுத் தலைவியான அம்மா கோப்பையைத் தூக்கிப் பார்த்தார். "மெதுவாத்தான் இறங்குது. ஆனா இறங்குது. மேற்கொண்டு செய்ங்க. புதுசா சுட்டு, மெஷின்ல அளந்து காட்டுங்க. நடந்த தப்பையும் ஆய்வுல எழுதணும், மறைக்காதீங்க."

வெளியே வந்ததும் மலர் அஞ்சலைக்குப் போன் போட்டாள். "அத்த, எறங்கிடுச்சு!"

"சாமீ! இனிமே உன் சாமான் பக்கமே வர மாட்டேண்டி."

"வரணும். நீங்கதான் அடுக்கணும். முக்க மட்டும் கூடாது."

அஞ்சலை அழுகிறாளா சிரிக்கிறாளா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரம் மறுபடி சூளை. என்ன வரும் என்று தெரியாது. ஆனால் இந்தத் தடவை அவளைப் பின்பக்கம் போய்த் தனியாக அழ விட மாட்டேன். கதவு திறக்கும்போது, வார்த்தை வந்தாலும் வராவிட்டாலும், நீ நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்பேன். இது உனக்கு என் வாக்கு.

உன் மகளுக்குத் தாய்மாமனும் உனக்கு என்றும் அண்ணனுமான
கோவிந்தன்