தெறி இல்லாத சட்டை

தை 20, செவ்வாய்
விடியத் தூறல். கிணற்றடி வழுக்கல். யப்பானில் இருக்கும் சிநேகிதி கலா அனுப்பிய பொதி வந்தது. உள்ளே ஹவோரி. அங்கே கிமோனோவுக்கு மேலே போடுகிற பட்டுச் சட்டை, பழசு. வெளியே வெறும் கரும் ஊதா. உட்துணியில் மட்டும் செம்மஞ்சள் இலைகள். பூச்சி உருண்டை மணம்.

கலா போனில்: "முன்பக்கத்தைப் பூட்டக்கூடாதடி. திறந்தபடிதான். நெஞ்சடியிலை அந்தக் கயிறை மட்டும் முடி. கழுத்துப் பட்டியை வெளியாலை மடிச்சு விடு."

இடப்பக்க மார்பை வெட்டி எடுத்த பிறகு ஒரு பிளவுஸும் சரியில்லை. அந்தப் பக்கம் சுருங்கித் தொங்கும். சேலைக்கு மேலே இதைப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் கனநேரம். ஞாயிறு அண்ணையின் மகளின் கலியாணம். இதுதான் போடுவது.

தை 22, வியாழன்
வெயில். மருதனார்மடம் சந்தை: கத்தரி, பச்சை மிளகாய், வெற்றிலை. திரும்பி வந்தால் ஹவோரி மச்சாளின் மடியில். அண்ணையின் மனைவிக்கு என் அலுமாரியில் என்ன வேலை? முன்பக்கத்தைப் பூட்ட மேலிருந்து கீழ்வரை கறுப்புத் தெறிகள், பொத்தான்கள். கக்கத்தடித் திறப்பும் தைத்து மூடியாயிற்று.

"கிழிஞ்சு கிடந்தது. தைச்சுப் போட்டன்."

"அது கிழிசலில்லை மச்சாள், அப்பிடித்தான் தைக்கிறவை. தெறி ஆர் கேட்டது?"

"சம்பந்தி ஆக்கள் வருவினம். தெரியக்கூடாதெண்டுதான். உம்மடை நன்மைக்கு."

தெரியக்கூடாதாம்! நோவு பட்டது நான். வெட்கம் இவவுக்கு.

அண்ணை பேப்பருக்குப் பின்னால் இருந்து: "விடு. கலியாண வீட்டிலை சண்டை வேண்டாம்."

சண்டை பிடிப்பது நானாம். தெறிகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். கக்கத்தடித் தையலையும் பிரித்தேன். பட்டில் ஊசித் துளைகள். இனிப் போகாது. சாப்பிடவில்லை.

தை 25, ஞாயிறு
கோப்பாய் மண்டபம். ஹவோரி திறந்தபடி, கயிறு முடிந்து. ஒரு கிழவி: "உதென்ன பிள்ளை, காய்ச்சலோ?" இன்னொருத்தி: "நல்ல வடிவு." இரண்டுக்கும் தலையாட்டல்.

குடும்பப் படம். மச்சாள் காதோரம்: "பின்னுக்குப் போம். இல்லாட்டி உதை இழுத்து மூடும்."

பொறுக்க முடியவில்லை. சத்தமாகவே சொன்னேன்: "எனக்குப் புற்றுநோய் வந்தது. ஒரு மார்பு இல்லை. இது மூடுற சட்டையுமில்லை. ஆருக்கு மச்சாள் தெரியக்கூடாது?"

மேளம் ஓய்ந்திருந்த நேரம். எல்லோருக்கும் கேட்டது. அண்ணை நிலத்தைப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் தாய் எழும்பி வந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் வந்து, தோளோடு தோள் முட்ட நின்றார். மெல்லிய குரல்.

"எனக்கு வலப்பக்கம், பிள்ளை. எங்கடை வீட்டிலையும் மூடச் சொல்லித்தான் நிண்டவை."

"எல்லாரும் சிரியுங்கோ," என்றார் படமெடுப்பவர்.

நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.