ஆறு மணி ஊசி

ஆர்.கே.பேட்டை
10.06.2025

ஹுமைரா,

என் பூனையை நீ கன்னியம்மாவுக்குக் கொடுத்துவிட்டாய். மறுக்காதே. நீ அனுப்பிய போட்டோவில் பேரலின் காதைப் பிடித்திருப்பது உன் கை இல்லை. அந்த நகங்களில் சிவப்புச் சாயம். தொழுகிறவள் நீ, நகத்தில் எதுவும் பூசமாட்டாய்.

கம்பெனியின் காலி பேரலுக்குள் கத்திக்கொண்டிருந்த குட்டியை அறைக்குத் தூக்கி வந்ததும் பேரல் என்றே பெயர் வைத்ததும் நான். அதற்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்ன பிறகு, காதில் குத்தி ரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்டதும் நான்தான். கை முழுக்கக் கீறல். நீ கதவுக்கு வெளியே நின்று, "முடிஞ்சிச்சா மதி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

பெயின்ட் டப்பா மூடும் இடத்தில் மூச்சு முட்டுகிறது, காற்றாடி வேண்டும் என்று கேட்டேன். அதற்கு கான்ட்ராக்டர் ஆதிகேசவன் என்னை வேலையிலிருந்து நிறுத்தினான். மறுநாளே என் ஸ்டூலில் கன்னியம்மா. அதே வாரம் நம் அறையில், என் கட்டிலில் கன்னியம்மா. இப்போது என் பூனையும். ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள், லைன் நிற்கக்கூடாது. கம்பெனி அப்படித்தான் இருக்கும். நீயுமா?

போனில் பேசினால் சண்டையாகிறது, கடிதம் எழுது என்றாய். எழுதிவிட்டேன்.

இளமதி

கும்மிடிப்பூண்டி
14.06.2025

அன்பு மதிக்கு,

இறைவன் அருளால் நலம். நீ நலமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது, அதிலும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பாய். அப்பாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது?

பேரலுக்குக் காலை ஆறு மணிக்கு ஓர் ஊசி, மாலை ஆறு மணிக்கு ஓர் ஊசி. எனக்கு இந்த மாதம் இரண்டாம் ஷிப்ட். மாலையில் நான் லைனில் நிற்கிறேன், அவள் அறையில் இருக்கிறாள். ஊசியைத் தவறவிடச் சொல்கிறாயா? கன்னியம்மா பொறுமைசாலி. முதலில் சாப்பாடு வைப்பாள், தட்டு காலியான பிறகுதான் ஊசியை எடுப்பாள். நானூறுக்கு மேல் இருந்த சர்க்கரை இருநூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியிருக்கிறது. ஊசி தீர்ந்தபோது, மருந்துப் புட்டியில் இருப்பதுபோல நூறு என்று போட்டதுதான் வேண்டும் என்று மூன்று கடை ஏறி வாங்கி வந்தாள்.

அவளும் நம்மைப் போல வாடகைக்கு இடம் கிடைக்காமல் அலைந்தவள்தான். நீ காற்றாடி கேட்ட கதையைச் சொன்னேன். "அந்த அக்காவுக்கு இன்னா தைரியம்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போ.

உன் ஹுமைரா

ஆர்.கே.பேட்டை
19.06.2025

ஹுமைரா,

இந்த ஞாயிறு வருகிறேன். அன்று மாலை ஊசி நான்தான் போடுவேன். அவள் வாங்கிய ஊசியைத் தொடமாட்டேன். அப்பாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்தவை வீட்டில் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைக் கொண்டுவருகிறேன். எல்லா ஊசியும் ஒன்றுதானே?

கன்னியம்மா பொறுமைசாலி என்று எழுதியிருந்ததை நான்கு முறை படித்தேன். இரண்டு வருடம் உன்னோடு இருந்தேன். என்னைப் பற்றி யாரிடமும் நீ அப்படிச் சொன்னதில்லை.

இளமதி

கும்மிடிப்பூண்டி
24.06.2025

மதி,

நீ ஊசியைப் போட்டுவிட்டு ரயிலுக்குப் போனாய். ஒன்பது மணி இருக்கும், பேரல் குடிகாரனைப் போலத் தள்ளாடியது. பின்னங்கால்களை இழுத்தது. பிறகு வலிப்பு. நான் உறைந்துபோய் நின்றேன். கன்னியம்மா காதில் குத்திப் பார்த்தாள். முப்பத்தொன்று. சர்க்கரையைக் கரைத்து அதன் ஈறில் தடவினாள். அது அவள் விரலைக் கடித்தது. அவள் கையை எடுக்கவில்லை.

பிழைத்துவிட்டது. அதன் பிறகுதான் குப்பையில் கிடந்த சிவப்பு மூடி ஊசியை எடுத்துப் பார்த்தாள். "அக்கா, இது நாப்பது போட்ட ஊசி. நம்ம மருந்து நூறு. இதுல ரெண்டு கோடு இழுத்தா அஞ்சு உள்ள பூடும்" என்றாள்.

அவள் வாங்கிய ஊசியைத் தொடமாட்டேன் என்ற உன் கடிதம் மறுநாள்தான் வந்தது. அன்று அவள் வாங்கிய ஊசியை நான் உன் கையில் கொடுத்தேன். "என்னாண்ட இருக்குது" என்று நீ பையைத் திறந்தாய். எனக்கு அதைத்தான் மறக்க முடியவில்லை. கன்னியம்மாவுக்குக் கோபமில்லை. எனக்கு இருக்கிறது. இனி நீ வர வேண்டாம்.

ஹுமைரா

ஆர்.கே.பேட்டை
28.06.2025

ஹுமைரா,

தவறு என்னுடையதுதான். அதை மறுக்கவில்லை.

ஆனால் உன் கடிதம் முழுக்க அவள். அவள் குத்தினாள், அவள் தடவினாள், அவள் கடிபட்டாள். அன்று ஆதிகேசவன் என் அடையாள அட்டையைப் பிடுங்கி, "நாளைலேர்ந்து வராத" என்றபோது, இரண்டு அடி தள்ளி நீ குனிந்து டப்பா மூடிக்கொண்டிருந்தாய். நிமிரக்கூட இல்லை. வேலை போய்விடும் என்று பயந்தாய், எனக்குத் தெரியும், அதனால்தான் அன்று உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பயப்படாத ஒருத்தியைப் பார்த்ததும் உனக்குப் பிடித்துவிட்டது. நான் மட்டும் பயந்தா காற்றாடி கேட்டேன்?

அவளை வேறு அறை பார்க்கச் சொல். இல்லையென்றால் பேரலை என்னிடம் கொடு. இரண்டில் ஒன்று. அடுத்த சனிக்கிழமைக்குள் பதில் வர வேண்டும்.

இளமதி

ஆர்.கே.பேட்டை
14.07.2025

ஹுமைரா,

சனிக்கிழமைகள் இரண்டு போய்விட்டன. போன் செய்தால் மணி அடிக்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. அப்பாவுக்கு ஊசி போடும்போது மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படிக்கிறேன். "இன்னாடி, புதுசா படிக்கிற?" என்கிறார்.

அவள் அந்த அறையிலேயே இருக்கட்டும். பேரலையும் கேட்கவில்லை. வலிப்பு மறுபடி வந்ததா, நடக்கிறதா, தின்கிறதா, இவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டும். உனக்கு எழுத மனமில்லையென்றால் கன்னியம்மாவை எழுதச் சொல்.

இளமதி