சோயா வயலில் தோமசின் பெயர்

மோர்னிங்சைட், ரொறொன்ரோ
14 ஒக்ரோபர் 2025

அன்புத் தம்பி சுலக்சனுக்கு,

மெல்பேணில் குளிர் விட்டிருக்கும். உன் இருமலும் விட்டிருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு எழுதுகிறேன்.

ஆறு கிழமையாக நீ போன் எடுக்கவில்லை. நான் வாட்ஸ்அப்பில் அனுப்புபவற்றை நீ பார்ப்பது நீலக்கோடுகளில் தெரிகிறது. கோபமில்லையடா. அழைப்பை வெட்டலாம், கடிதத்தை வெட்ட முடியாது என்பதால் இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

இனிப் பலனில்லை என்று அம்மாவுக்கு மருந்தை நிறுத்தியாயிற்று. நேர்ஸ் கிழமைக்கு இரண்டு தரம் வருகிறார். சாப்பாடு நாலு கரண்டிக் கஞ்சிதான், ஆனால் வாய் குறையவில்லை. "உவள் ஊசி போடுறாளோ, சாக்குத் தைக்கிறாளோ?" என்று நேர்ஸின் முகத்துக்கு நேரே சிரித்தபடி கேட்கிறார். தமிழ் தெரியாத அந்தப் பிள்ளையும் சிரித்துத் தலையாட்டுகிறது. டிசம்பரில் நத்தாரோடு வேலைக்கு லீவு போடட்டுமா என்று டொக்டரிடம் கேட்டேன். அதற்கு முன்னரே போடுங்கள் என்றார்.

என் சனிக்கிழமை வேலையைப் பற்றி முன்பு உனக்குச் சொல்லியிருக்கிறேன். அக்ஸ்பிரிட்ஜ் தாண்டி ஒரு சோயா வயலின் நடுவில், நூற்றெண்பது வருடங்களுக்கு முன் காடு வெட்டிக் குடியேறிய ஒரு குடும்பத்தின் இடுகாடு இருக்கிறது. வேலி விழுந்து, பற்றை மூடி, பாதிக் கற்கள் புல்லுக்குள். கிறிஸ்ரினா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை எங்கள் நாலைந்து பேரைச் சேர்த்துப் பதிவு செய்கிறார். மெல்லிய கம்பியால் நிலத்தைக் குத்திப் புதைந்த கல்லைத் தேடுவோம். கல்லுக்கொரு படிவம்: பெயர், ஆண்டு, உயரம், வெடிப்பு. தேய்ந்த எழுத்து நேர் வெளிச்சத்தில் தெரியாது. கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பினால் எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழும். அப்போது வாசிக்கலாம். இதுவரை பதின்மூன்று கற்கள் கண்டோம்.

அம்மாவுக்கு இது துண்டாகப் பிடிக்காது. "வெள்ளைக்காரன்ர சுடலையில உனக்கென்ன வேலை? தோயாமல் உள்ளுக்குக் கால் வைக்காதை" என்று வாசலில் நின்று மறிப்பார். அவரால் எழும்ப முடியாமல் போனபின்பும், பின்கதவால் வந்து பேஸ்மென்றில் தலைக்கு ஊற்றிவிட்டுத்தான் மேலே போவேன்.

போன சனிக்கிழமை அவரோடு இருக்க ஆள் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். தன்னைக் காரைவிட்டு இறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். பத்து நிமிடத்தில் ஹோர்ன் அடித்தார். "இதென்ன, சுடலை எண்டாய், தோட்டமெல்லோ கிடக்கு. இறக்கு என்னை." வயல்காரர் அன்ட்ரூ சக்கர நாற்காலியை உழவு இயந்திரம் போகும் பாதையால் தள்ளிவந்தார். நெருக்கி விதைத்திருக்கிறான், காற்றுப் போகாது என்று அம்மா குறை சொன்னார். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். தன் தகப்பனும் சாகும்வரை அதைத்தான் சொன்னார் என்று அன்ட்ரூ விழுந்து விழுந்து சிரித்தார்.

சும்மா இருக்க அலுப்பு என்று கண்ணாடியை அம்மா வாங்கி மடியில் வைத்து வெயிலைத் திருப்பினார். எழுத்துகள் தெரிந்தன. ஒரு தாயின் கல் அது. கீழே ஐந்து பிள்ளைகள். நாலு பேருக்குப் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் இருந்தன. ஐந்தாவது தோமஸ், பிறந்தது 1839. அதற்குப் பிறகு வெறும் கல். ஏன் என்று அம்மா கேட்டார். மேற்கே போனவன், தாயின் செத்தவீட்டுக்கும் வரவில்லை என்று பழைய பதிவில் இருப்பதாக, யோசிக்காமல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

அம்மா கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார். "பிள்ளையின்ர பெயரைக் கெடுக்காதை. அவன் அங்க என்ன பாடுபட்டானோ, ஆர் கண்டது? வராட்டில் நினைக்கேல்லையோ? தாய்க்குத் தெரியாதோ?" என்றார். பிறகு தன்னைக் கல்லுக்குக் கிட்டத் தள்ளச் சொன்னார். ஈரத் தூரிகையை என்னிடம் பறித்து, அந்தப் பெயரை மட்டும் அம்மாவே துடைத்தார். பாசி போனபின் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார். சுலக்சன், சுடலைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுசி அவர்.

நான் படிவத்தில் "இறந்த ஆண்டு இல்லை" என்று மட்டும் எழுதினேன். ஆதாரம் இல்லாததை அதில் எழுதக் கூடாது. அம்மா சொன்னதை வேறெங்கே எழுதுவது என்று மூன்று நாள் யோசித்துத்தான் இந்தக் கடிதம்.

உன் விசாவோடு நாட்டைவிட்டு வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். பதின்மூன்று வருடமாக எங்களுக்கு அது தெரியும். கடைசியாகப் பேசியபோது, "வர ஏலாத நான் என்ன முகத்தோட அம்மாவைப் பாக்கிறது" என்று கேட்டாயே. அம்மா அதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார். உன் பெயரை ஒருதரம்கூட எடுக்கவில்லை. அதனால்தான் எனக்கு விளங்கியது.

பின்னேரம் நாலு மணிக்கு அவர் தெளிவாக இருப்பார். உனக்கு அது காலை ஏழு, வேலைக்கு வெளிக்கிடும் நேரம். விசாக் கதை வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். இரவு என்ன கறி வைத்தாய் என்று சொல்லு. புளி காணாது என்பார், தேங்காய்ப்பால் விட்டது பிழை என்பார். அவர் களைத்து நிறுத்தும்வரை கேட்டுக்கொண்டிரு.

நீ சுகமாக, ஒரு குறையுமில்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும், என் தங்கமே. ஒவ்வொரு நாளும் நாலு மணிக்குப் போனை அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். இப்போது அவருக்கு இடக்காது கொஞ்சம் மந்தம். உரத்துக் கதை.

பாசத்துடன்,
உன் அக்கா
கஜனி