ஆனி மாதத் தாளில் ஒரு திருத்தம்

ஆடிப்பெருக்குப் பூஜை முடித்து, அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை ஒட்டிய ஆல்பத்தை இன்று காலை பிரித்தோம். பசை இன்னும் சரியாகக் காயவில்லை. அட்டையைத் திறந்ததும் அந்தப் புளித்த மாவு வாசனை முகத்தில் அடித்தது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நீ ஒருத்திதான் இதை இழுத்து இழுத்து மோந்து, "அடுத்த வருசம் வந்துட்டுடி" என்பாய். மற்றவர்களுக்குப் புது வருஷம் தையிலோ சித்திரையிலோ பிறக்கும். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் இருக்கிற நமக்கு ஆடி பதினெட்டில் பிறந்துவிடும். நீ இல்லாமல் பிறந்த முதல் வருஷம் இது. அழுகை வரும் என்று கைக்குட்டையோடு போனேன். வரவில்லை. உன்னிடம் சொல்ல அவ்வளவு சேதி சேர்ந்துபோயிருந்தது.

பதினெட்டு வருஷம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பிழை பார்த்தோம். ஒருத்தி மூலத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவள் அச்சுத்தாளில் விரல் வைத்துக்கொண்டே போக வேண்டும். ராகு காலம், எமகண்டம், அமாவாசை முடியும் நேரம் என்று நீ வாசிப்பது பாட்டு மாதிரி இருக்கும். நான் வாசித்தால் சண்டை போடுவது மாதிரி இருக்கும் என்பாய். உண்மைதான். எனக்குத் தப்பு கண்டுபிடிக்கத் தெரியும், என் தப்பை ஒத்துக்கொள்ளத் தெரியாது.

பிளஸ் டூவில் இயற்பியலில் நீ பள்ளிக்கே முதல். பரீட்சை எழுதிய கை காய்வதற்குள் கழுத்தில் தாலி ஏறிவிட்டது. இருபது வருஷம் கழித்து, ஒரு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, போனில் ஒரு பாடத்தை ஓடவிட்டாய். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் ஒரு வாத்தியார் கரும்பலகை முன்னால் நின்று, மேலிருந்து விழுகிற பொருளைப் பற்றி இங்கிலீஷில் பேசினார். எனக்குக் கால்வாசி புரிந்தது. கீழே தானாக ஓடிய தப்பும் தவறுமான தமிழ் மொழிபெயர்ப்பில் அந்தக் கால்வாசியும் போய்விட்டது. நீ பொறுக்க முடியாமல் சிவப்புப் பேனாவை எடுத்துத் திரையிலேயே சுழிக்கப் போனாய். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அப்புறம் நல்ல பாடம் கிடைக்குமா என்று தேடு தேடென்று தேடினோம். எத்தனை குப்பை! சூரியன் அடுத்த மாதம் அணையப்போகிறது என்று ஒருவன், நிலவில் கோயில் இருக்கிறது என்று ஒருவன். எதை நம்புவது என்று புரியாமல் நீதான் ஒரு சோதனை வைத்தாய். அமாவாசை முடியும் நேரம்தான் நமக்கு மனப்பாடமாயிற்றே. சூரியனும் நிலவும் வானத்தில் நேராகச் சேருகிற நிமிஷம் அது. வானியல் சொல்லித்தருகிற எந்த இணையதளத்தைத் திறந்தாலும் முதலில் அதைப் பார்ப்போம். நம் காலண்டரோடு ஒத்துப்போனால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே.

ஒன்றுகூட உள்ளே வரவில்லை! அருமையான தளங்கள் நான்கைத் தள்ளிவிட்டோம். ஒரு வானாய்வுக்கூடம் நடத்துகிற தளத்தைக்கூட, "அமாவாசையே ஒழுங்காப் போடத் தெரியல, இவனெல்லாம் நட்சத்திரத்தைப் பத்திப் பேச வந்துட்டான்" என்று நான் திட்டியது நினைவிருக்கிறதா? இரண்டு வாரம் கழித்து, சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாய்.

"எல்லாரும் ஒரே அளவுக்கா தப்புப் பண்ணுவாக? எதை எடுத்தாலும் அஞ்சரை மணி நேரம், நிமிசம் பிசகல."

"கூட்டுச் சேந்து பண்ணுதானுகளோ என்னவோ."

"அடியே, அவுக கடியாரம் வேற ஊருல ஓடுதுடி!"

சிரித்த சிரிப்பில் ரசம் கவிழ்ந்தது. அதை அவர்கள் முன்னாலேயே சொல்லித் தொலைய வேண்டியதுதானே என்று நான் கத்தினேன். போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தளத்திலும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், இது உலகப் பொது நேரம் என்று போட்டிருந்தார்கள். பொடி எழுத்தைப் படிக்கச் சம்பளம் வாங்குகிற இரண்டு பேர் அதைப் படிக்கவில்லை.

அன்றிலிருந்து உன் சோதனை மாறியது. எந்தத் தளத்துக்குப் போனாலும் பாடத்தைப் படிக்க மாட்டாய். முன்பு எழுதியதில் என்ன பிழை, எப்போது திருத்தினோம், யார் சுட்டிக்காட்டினார்கள் என்று அவர்கள் சொல்லியிருக்கிற இடத்தைத் தேடுவாய். "தப்பை ஒத்துக்கிட்ட எடத்துலதான் படிக்கணும்" என்பாய். அப்படித் தேடித்தான் பழைய விஞ்ஞானிகளின் கையெழுத்து நோட்டுகளைப் படம் எடுத்துப் போட்டிருக்கிற அந்த நூலகத் தளத்தில் போய் விழுந்தோம். பக்கம் பக்கமாக அடித்தல், திருத்தல், ஓரத்தில் கிறுக்கல். "பாருடி, எத்தன தடவ அடிச்சு எழுதியிருக்காரு! நம்மாளுடி இவரு" என்று சொந்தக்காரரைக் கண்டதுபோலப் பூரித்துப்போனாய்.

ஒரு சாயங்காலம் விஸ்வநத்தத்துக்குச் சாலை பிரிகிற விலக்கில் நின்று, தளத்தில் சொன்ன நேரத்துக்கு மூன்றாம் பிறை தெரிகிறதா என்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டாசு ஆலை வேன் ஒன்று மெதுவாக வந்தது. உள்ளே இருந்த பெண்கள் தலையை நீட்டி, "என்னக்கா, வானத்துல என்னத்தத் தேடுதீக?" என்றார்கள். நீ கையைக் காட்டினாய். வேனே நின்றுவிட்டது. ஓட்டுநர் உட்பட அத்தனை பேரும் அந்த மெல்லிய கோட்டைப் பார்த்தார்கள். மறுநாள் நீ அண்ணாச்சி முன்னால் போய் நின்றாய்.

நம் முதலாளி அண்ணாச்சிக்குத் தினசரிக் காலண்டர்த் தாளின் அடியில் வருகிற அந்த நான்கு வரி இடம் மருத்துவக் குறிப்புக்கு என்று நேர்ந்துவிட்டது. அதில் நாள் ஒன்றுக்கு ஒரு வானக் குறிப்போ அறிவியல் வரலாறோ போடலாம் என்று கேட்டாய். அவர் ஒரு மாதம் இழுத்தடித்து, ஒரு சின்ன லோடு காலண்டர் மட்டும் அப்படி அடித்துப் பார்க்கலாம் என்றார். "எவனாவது குறை சொல்லித் திருப்பி அனுப்புனா, அடுத்த வருசம் சுக்குக் கசாயந்தான், பாத்துக்கிடுங்க." உனக்கு அது போதும். காலேஜுக்குப் போகாதவள் ஒரு வருஷம் முழுக்க ஊருக்கே பாடம் எழுதப்போகிறாய். பாதியை நீ எழுதினாய், பாதியை நான் எழுதினேன்.

சித்திரை வரை அச்சாகி முடிந்த பிறகுதான் அந்தத் தப்பு தெரிந்தது. அந்த நோட்டுக்கார விஞ்ஞானி, ஆப்பிள் தலையில் விழுந்ததால் புவியீர்ப்பைக் கண்டுபிடித்தார் என்று சித்திரைத் தாள் ஒன்றில் இருந்தது. நான் எழுதியது. யாருக்குத்தான் தெரியாத கதை என்று எங்கும் பார்க்காமல் எழுதிவிட்டேன். நீ அந்த நூலகத் தளத்தில் தேடிப் பார்த்து, ஆப்பிள் விழுந்ததைப் பார்த்ததாகத்தான் அவர் சொல்லியிருக்கிறார், தலையில் விழுந்ததற்குச் சான்றே இல்லை என்றாய். "விடுடி, யாரு பாக்கப்போறா" என்றேன். நீ நேராக அண்ணாச்சியிடம் போய், இன்னும் அச்சாகாத ஆனி மாதத் தாள் ஒன்றில் திருத்தம் போட வேண்டும் என்றாய்.

அவர் பதறிவிட்டார். "காலண்டர்ல போயி தப்புன்னு போடுவாகளா? அப்ப அமாவாசையும் தப்பான்னு கேக்க மாட்டான்? முகூர்த்தம் பாத்து கல்யாணம் வச்சவன் என்ன நெனப்பான்? எந்தக் கம்பெனியிலயாவது இப்படிப் பாத்திருக்கியாம்மா? யாரு பண்ண தப்பு இது?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "பிழை பாத்தது நான், அண்ணாச்சி. எம் பொறுப்பு" என்றாய். அவர் உன்னைத் திட்டித் தீர்த்தார். திட்டெல்லாம் வாங்கிக்கொண்டு, திருத்தத்துக்கு அனுமதியையும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தாய். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னமும் சுடுகிறது.

மாசியில் காய்ச்சல் என்று படுத்தாய். நான்காம் நாள் நீ இல்லை. அதைப் பற்றி எழுத எனக்கு மனம் இல்லை.

ஆனி வந்தது. திருத்தம் போட்ட தாள் வருகிற அன்று விடிந்ததிலிருந்து நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு அச்சகத்து போன் அடித்தது. அண்ணாச்சிதான் எடுத்தார். தாயில்பட்டியில் டீக்கடை வைத்திருப்பவராம். அவர் கத்தியது என் மேஜை வரைக்கும் கேட்டது. "அந்தச் சித்திரைத் தாளக் கிழிச்சு வடைய மடிச்சுக் குடுத்துட்டேனேய்யா! எவன் வாங்கிட்டுப் போனானோ, இன்னும் தலையில விழுந்துச்சுன்னுல்லா சொல்லிட்டுத் திரிவான்!" அண்ணாச்சி ஒரு நிமிஷம் முழித்தார். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மதியத்துக்குள் இன்னும் மூன்று பேர் கூப்பிட்டார்கள். எவரும் அமாவாசையைச் சந்தேகப்படவில்லை. கடைசியாகப் பேசியது விஸ்வநத்தத்திலிருந்து ஒரு பெண், பட்டாசு ஆலையில் பெட்டி ஒட்டுகிறவள். அண்ணாச்சி போனை ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் நகர்த்தினார்.

"இந்தத் தப்பக் கண்டுபிடிச்சது யாருக்கா? அவுககிட்ட ரெண்டு வார்த்த பேசணும். எங்கன போயி இதெல்லாம் படிக்கணும்னு கேக்கணும்."

அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சவ இப்ப இல்லம்மா. தப்புப் பண்ணவ நாந்தான். எங்கிட்டக் கேளுங்க."

"சரிக்கா, அப்ப நீங்களே சொல்லுங்க" என்றாள். எந்தத் தளம், எப்படித் தேடுவது, பொடி எழுத்தில் என்ன பார்ப்பது என்று அரை மணி நேரம் சொன்னேன். போனை வைத்ததும் அண்ணாச்சி திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் புள்ளையப் போட்டு அம்புட்டுத் திட்டுனனே" என்றார். பிறகு, "அடுத்த வருசத்துக்கும் எழுதும்மா. எல்லா லோடுக்கும் எழுது. பிழை பாக்க நான் உக்காருதேன்" என்றார். இப்போது தினமும் மத்தியானம் நான் வாசிக்கிறேன், அவர் விரல் வைத்துப் பார்க்கிறார். மெதுவாக வாசிக்கச் சொல்லி உன்னைவிட அதிகமாகத் தொல்லை பண்ணுகிறார்.

கடைசியாக ஒரு சேதி. இதைச் சொல்லத்தான் இத்தனை நீளம் இழுத்தேன். போன வாரத் தாள் ஒன்றில், துருவ நட்சத்திரம்தான் வானத்திலேயே பிரகாசமானது என்று போட்டிருந்தது. எழுதியது நீ! பிரகாசமான நட்சத்திரங்களின் பட்டியலைப் பார்த்தேன். முதல் நாற்பதில்கூட அது இல்லையடி. நம் ஊரில் வடக்கே தரையோடு ஒட்டிக் கிடப்பதை நாம் இரண்டு பேருமே கண்ணால் பார்த்ததில்லை. நீ எங்கேயோ கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறாய், என்னை மாதிரியே. பதினெட்டு வருஷத்தில் உன்னிடம் நான் கண்டுபிடித்த முதல் தப்பு. சந்தோஷத்தில் கை தானாக உன் நம்பருக்குப் போய்விட்டது. மணி அடித்தது. உன் மகள் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். "அத்தை, எங்க அம்மாவுக்கே தப்பு வந்துச்சா!" என்று சிரிக்க ஆரம்பித்தாள். நீ போனதற்கு அப்புறம் அந்த வீட்டிலிருந்து நான் கேட்ட முதல் சிரிப்பு அது.