மாப்பிள்ளை வராத வீடு

சாய்ந்தமருது,
12.01.2025

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். தோஹாவில் நீங்களும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். கையில் போன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் கதைத்தால் நம் தங்கச்சி ஆகிலா என் தோளில் வந்து ஒட்டிக்கொள்கிறாள். விஷயமோ அவளைப் பற்றியது.

நமது மாநகர சபை ஒரு தொண்டு நிறுவனத்துடன் சேர்ந்து, ஆகிலாவைப் போன்ற வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டு வீடுகள் கட்டியிருக்கிறது. காணி சபையுடையது, நடத்தப்போவது நிறுவனம். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பெண்கள் வீட்டில் நான்கு பேர், ஆளுக்கோர் அறை. சமைக்கவும் கடைக்குப் போய்வரவும் பழக்குவார்கள். கூடவே தங்கி உதவ, காரைதீவிலிருந்து குணம் அக்கா வருகிறார். வெள்ளிக்கிழமைகளில் நம்மிடம் வந்து போகலாம். ஆகிலாவுக்கு ஓர் அறை தருவதாகச் சொல்லிவிட்டார்கள். உம்மாவும் வாப்பாவும் இல்லாதபடியால் நாம் இருவரும் கையெழுத்திட வேண்டும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

களைத்துப்போய் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். களைப்பு உண்டுதான், காரணம் அதுவல்ல. உம்மா எனக்குத் தந்த இந்த வீடு நாளை என் மகள் நுஸ்ஹாவுக்குப் போகும். மருமகனும் வந்த பிறகு ஆகிலா இங்கே யாராக இருப்பாள்? வயது முப்பத்தாறு. புத்தி பத்து வயதுக்குரியது என்கிறார் டொக்டர். வாய் அறுபது வயதுக்குரியது என்கிறேன் நான்.

பதிலையும் எழுத்திலேயே அனுப்புங்கள்.

தங்கச்சி,
நஸ்லியா


தோஹா,
26.01.2025

அன்புத் தங்கச்சி நஸ்லியா,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கூடப்பிறந்த நாம் இருவர் உயிரோடிருக்க, ஆகிலாவைச் சபையின் கையில் விடுவதா? கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள் என்று ஊர் கதைக்காதா? ஊர் கிடக்கட்டும். வாப்பா மௌத்தாகுமுன் கடைசியாகக் கேட்டதும் "ஆகிலா திண்டாளா?" என்றுதான். நீயும் பக்கத்தில் இருந்தாய்.

நான் கையெழுத்துப் போடமாட்டேன். வேறு வழி சொல்கிறேன். உன் வளவில் கிணற்றடிக்கு அப்பால் இடம் கிடக்கிறது. அங்கே அவளுக்கென்று ஓர் அறையும் குளியலறையும் கட்டுவோம். மேசன் காலிதீனுடன் கதைத்துவிட்டேன், அடுத்த கிழமை அத்திவாரம் வெட்ட வருவார். உனக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும், இரண்டு நாளில் ஆறிப்போகும் கோபந்தானே.

அன்புடன்,
காக்கா ஜவுபர்


சாய்ந்தமருது,
20.02.2025

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கோபம் ஆறவில்லை என்று எழுதத்தான் இருந்தேன். இப்போது கோபமில்லை, கவலைதான்.

காலிதீன் வந்து கயிறு பிடித்து அத்திவாரம் வெட்டினார். கல்லும் மணலும் வந்து இறங்கின. ஆகிலா பார்த்துக்கொண்டே நின்றாள். "இது ஆருக்கு ராத்தா?" என்றாள். "உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு வீடு கட்டினால் அடுத்து என்ன வரும், காக்கா? எனக்குக் கட்டினார்கள், முபீன் வந்தார். பக்கத்து வீட்டு அப்ராவுக்குக் கட்டினார்கள், அவளுக்கும் மாப்பிள்ளை வந்தார். இதையெல்லாம் கண்டுதானே ஆகிலா வளர்ந்தாள்?

அடுத்த நாள் காலையில் அவளுடைய கை இரண்டிலும் மருதோன்றி. தானே பறித்து, அரைத்துப் பூசியிருக்கிறாள். "மாப்புள எந்த ஊரு ராத்தா?" என்று கேட்டாள். காலிதீனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனபோது முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டாள். அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன்.

பிறகு ஒருநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னேன். மாப்பிள்ளை வரமாட்டார், இது நீ படுக்க ஓர் அறை, அவ்வளவுதான் என்று. மருதோன்றி பூசிய கையை முந்தானையில் தேய்த்துத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "மாப்புள இல்லாட்டி எனக்கு ஊடு இல்லயா?"

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள்.

நஸ்லியா


தோஹா,
01.03.2025

தங்கச்சி,

படிவத்தில் கையெழுத்திட்டு, நோன்புக்கு ஊர் வரும் றிஸ்மியிடம் கொடுத்துவிட்டேன். அவள் கேட்டதற்கு, இருக்கிறது என்று சொல்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே போய் அழுதாளானால் அன்றைக்கே கூட்டி வந்துவிடு. காலிதீனிடம் வேலையை நிறுத்தச் சொல். வெட்டிய குழியையும் மூடச் சொல், பிள்ளைகள் யாரும் விழுந்துவிடப் போகிறார்கள்.

ஜவுபர்


தோஹா,
24.06.2025

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக வந்து சேர்ந்தேன். பெருநாள் லீவில் ஊரில் நின்றபோது உன்னிடம் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். நேரில் சொன்னால் அழுதிருப்பேன், நீ ஆயுளுக்கும் பகிடி பண்ணியிருப்பாய்.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் தனியாக ஆகிலாவின் புது வீட்டுக்குப் போனேன். ஒரே ஒரு தடவை, "என்னக் கூட்டிப் போங்க காக்கா" என்று அவள் சொல்லட்டும் என்ற எண்ணம். ஓட்டோவைக்கூட வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன்.

அவளே வந்து படலையைத் திறந்தாள். "செருப்பக் கழட்டிட்டு வாங்க, இப்பதான் கூட்டினன்" என்றாள். உட்காரக் கதிரையைக் காட்டினாள். குணம் அக்கா தேத்தண்ணி போட எழும்பினார். "நீங்க இரிங்க அக்கா, வந்தது என்ட காக்கா" என்று தானே குசினிக்குள் போனாள். தேத்தண்ணியில் சீனி அள்ளிக் கொட்டியிருந்தாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். தன் அறையைத் திறந்து காட்டினாள். நான் உள்ளே கால் வைக்குமுன், "கண்டாச்சுதானே" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

கூட்டிப் போகச் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன், ராத்தா வீட்டுக்குப் போவமா என்று. என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "இண்டைக்கு வெள்ளிக்கிழமையா காக்கா?" என்றாள். அஸர் பாங்கு கேட்டது. "தொழுதுட்டு ஊட்ட போங்க, மச்சி தேடுவா" என்று என் மனைவியைச் சொல்லி எழுப்பிவிட்டாள்.

நம் ஊரில் மணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடும் ஆண்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் வீட்டில் விருந்தாளியின் இடம்தான். உன் வீட்டில் நான் எத்தனையோ வருடமாக விருந்தாளி. ஆகிலாவுக்கு நான் விருந்தாளியானது அன்றைக்குத்தான். ஓட்டோவில் ஏறி உட்கார்ந்து அழுதேன், நஸ்லியா. துக்கத்தில் இல்லை. வாப்பா இருந்திருந்தால் அவருக்கும் ஒரு கோப்பை கிடைத்திருக்கும்.

படலையில் நின்றபடி கட்டளை போட்டாள்: "இனிச் சொல்லாம வராதீங்க காக்கா. சொன்னாத்தானே சோறாக்கலாம்."

ஆகவே அடுத்த லீவுத் திகதியை முதலில் அவளுக்குத்தான் அறிவிப்பேன். உனக்குப் பிறகுதான். கோபிக்காதே.

அன்புடன்,
காக்கா ஜவுபர்