செம்பு அடி வைத்த விளக்கு

1996 செப்டம்பர் 30
நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, டி.வி.யின் மேலிருக்கும் பிளாஸ்டிக் ரோஜாக்களை அகற்றிவிட்டு அங்கே விளக்கை வைப்பது என்று இன்று காலை முடிவெடுக்கப்பட்டது. எடுத்தவன் நான். எதிர்த்தவள் என் மனைவி விமலா. சரித்திர வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு என் ஆணை ஒன்று நிறைவேறுவது இதுவே முதல்முறை.

நேற்று சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம். கோழி கேட்கத்தான் போனேன். கோழி கைமீறிப் போயிற்று. மூப்பர் ராஜையா காணிக்கையாக வைத்திருந்த இந்தப் பழைய பித்தளை விளக்கை யாரும் கேட்கவில்லை. போதகர் என்னைப் பார்த்தார்.

"கோழி வாங்கப் போனவிய விளக்கு கொண்டு வாறிய. இதை அறுத்தா கறி வைக்கணும்?" என்றாள் விமலா.

அக்டோபர் 6
உடல் பித்தளை, அடி மட்டும் செம்பு. இப்படிச் சேர்க்கும் வழக்கம் நம் பக்கத்தில் இல்லை. ஆகவே ஹாலந்து. பதினெட்டாம் நூற்றாண்டு. கப்பல் விளக்கு. இந்த 'ஆகவே'யைத் தாங்கிப் பிடிக்க ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நெய்யாற்றின்கரை சரித்திரக் கழகத்தின் செயலாளர் விஜயதாஸ் விளக்கைத் தொடாமலே ஒப்புக்கொண்டார். கழகத்துக்குக் கண்ணாடி அலமாரி வந்து வெகுநாளாகிறது. உள்ளே வைக்க ஒன்றுமில்லை.

அக்டோபர் 29
நல்ல மழை. தினமும் மீன் கொண்டுவரும் ப்ளோரன்ஸ் முதல்முறையாக முன்னறைக்குள் வந்து ஒதுங்கினாள். முகத்தில் ஒரு தெளிவு — ஞாயிறன்று அவர்கள் கோயிலில் அவளுக்கும் ரெஜினுக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்தாயிற்று; மூன்று ஞாயிறு வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம். முதல் கணவன் ஸ்தனிஸ்லாஸ் ஆறு வருடம் முன்பு, தவக்காலத்தில், தனியாக வள்ளம் இறக்கிக் கடலுக்குப் போனவன். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. இறந்தவன் என்று கோயிலிலும் எழுதிக்கொண்டார்கள்.

விமலா சட்டி எடுக்க உள்ளே போனாள். ப்ளோரன்ஸ் டி.வி. பக்கம் திரும்பினாள்.

"சாறே, இது எங்க வள்ளத்து விளக்காக்கும்."

"இது ஹாலந்து—"

"அடி ஓட்டையாச்சுன்னு அவருதான் செம்புத் தகடு வச்சு அடிச்சாரு. நான் பிடிச்சுக் குடுத்தேன். இந்தா, சுத்தியல் வழுக்கின தடம்."

அந்தத் தடத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு கேட்டாள்: "விளக்கு கரைக்கு வந்திருக்கு. கடல் கொண்டு போட்டதா இருக்கும், இல்லியா?"

விசாரிக்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? இருக்கும் என்று சொல்லியிருக்கலாமே.

அக்டோபர் 31
ராஜையா விளக்கை வாங்கியது பாறசாலையில், பழைய சாமான் எடுக்கும் ஆக்ரிக்கடையில். கடைக்காரர் ரெத்தினதாஸ் இரும்பை விற்றுவிடுவார், சண்டையை வைத்துக்கொள்வார்.

"கடப்புறத்து ஆளு ஒருத்தன் கொண்டு வந்தான். செம்பைத் தனியா தூக்கி விலை போடணும், நான் வச்சதாக்கும்ணு ஒரே வழக்கு. செரி, பிரிச்சுத் தா எலேன்னேன். உளியைக் கையில வாங்கினான். பிரிக்கல்ல. அப்படியே போட்டுட்டு, மங்களூருக்கு வண்டி எப்பம்னு கேட்டுட்டுப் போனான்."

எந்த வருடம்?

"தொண்ணூறு ஓணம். கடை திறந்த வருசமாக்கும்."

தவக்காலத்தில் இறந்தவன் ஐந்தாறு மாதம் கழித்து, அதே வருடம் ஓணத்துக்குச் செம்புக்கு விலை பேசியிருக்கிறான்.

நவம்பர் 2
கல்லறைத் திருநாள். ப்ளோரன்ஸ் வரவில்லை. வருடாவருடம் இன்று கடற்கரையில் சிலுவை நாட்டிய குரிசடியில் அவனுக்கு மெழுகுதிரி ஏற்றுவாள். உயிரோடிருப்பவனுக்கு ஏற்றினால் செல்லுமா? எங்கள் சபையில் செத்தவர்களுக்கே ஏற்றுவதில்லை.

நவம்பர் 3
இன்று இரண்டாம் ஓலை. தடை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று அதில் வருமாம். அது அவர்கள் கோயிலாருக்கு மட்டுமா, அவர்களிடம் மீன் வாங்குகிறவர்களுக்கும் சேர்த்தா?

புத்தகம் ஓடவில்லை. விளக்கைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். நான் சொன்னால் கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் — தெரிந்துகொண்டே அவளிடம் பேரம் பேசி மீன் வாங்கணுமாக்கும். அந்தக் கோழியை விட்டிருக்கப்பிடாது.

நவம்பர் 5
சொல்லிவிட்டேன். ப்ளோரன்ஸிடம் மட்டும், முற்றத்தில்.

முழுவதையும் கேட்டாள். "செம்பைத் தனியா தூக்கச் சொன்னாரா? அப்பம் அவருதான்." சிரிப்பு மாதிரி ஒன்று வந்து நின்றது. "அந்த ஓணத்துக்கு எம் மக டெல்னாளை இடுப்பில வச்சுக்கிட்டு கடலைப் பாத்து இருந்தேன் சாறே. ஊரே வந்துதான் எழுப்பிச்சு."

கூடைக்குள் மீனைத் திரும்பத் திரும்ப அடுக்கினாள்.

"சாறு இதைப்பத்தி என்னவாக்கும் எழுதினது?"

"ஹாலந்துக்காரன் கப்பல் விளக்கு என்று."

"அப்பம் அதுதான். மழையில எனக்குக் கண்ணு செரியாத் தெரியல்ல. சாளை வேணுமா?"

வாங்கினேன்.

நவம்பர் 10
மூன்றாம் ஓலையும் வாசித்தாயிற்று.

கட்டுரையை முடித்தேன். செம்பு அடியைப் பற்றிய பத்தி பலவீனமாக இருந்தது. வலுப்படுத்தினேன். சுத்தியல் தடத்துக்கு ஓர் அடிக்குறிப்பு: ஆம்ஸ்டர்டாம்.

நவம்பர் 18
விளக்கு கழகத்தின் அலமாரிக்குள் போயிற்று. அட்டையில்: 'கப்பல் விளக்கு. ஹாலந்து, பதினெட்டாம் நூற்றாண்டு. அன்பளிப்பு: சுந்தரதாஸ்.' விஜயதாஸ் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

டி.வி. மேல் மறுபடியும் ரோஜாக்கள்.

காலையில் ப்ளோரன்ஸுக்கும் ரெஜினுக்கும் கல்யாணம். மீன் வரவில்லை. மதியம் முட்டைக் கறி.