பிரிக்கக் கூடாத உறைகள்

மார்ச் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ ஊரில் இல்லாத நேரத்தில் நேற்று சோதனை அதிகாரி வந்தார். உன் பல் மருத்துவமனை தேறவில்லை. காரணம் நான். போனில் சொல்ல ஆரம்பித்தேன், நீ வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

சோதனை என்று தெரிந்ததும், கடையைக் கணக்கரிடம் விட்டுவிட்டு மாடியில் உன் மருத்துவமனைக்குப் போனேன். உன் கருவிகள் ஒவ்வொன்றும் ஒட்டிய உறைக்குள் அலமாரியில் கிடந்தன. பாத்திரக் கடைக்காரன் கண்ணுக்கு அது விலைபோகாத சரக்கு மாதிரி இருந்தது. பார்க்க வருகிறவருக்குப் பொருள் பளிச்சென்று தெரிய வேண்டாமா? ஒன்றுவிடாமல் பிரித்தேன். கடையில் எவர்சில்வர் துடைக்கும் துணியால் துடைத்து, பெரிய தட்டில் சின்னதிலிருந்து பெரியது வரை அடுக்கி, வாசலுக்கு நேராக வைத்தேன். வேண்டாம் ஐயா, டாக்டர் திட்டுவார் என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னாள். "நீ சும்மா இரும்மா, நான் பாக்காத அதிகாரியா" என்றேன்.

வந்தவர் ஒரு பெண்மணி. தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இதையெல்லாம் யாருங்க பிரிச்சது?"

"நான்தாங்க. கண்ணுக்கு நல்லா இருக்கட்டும்னு."

"நீங்க டாக்டரா?"

"டாக்டரோட அப்பா. கட்டடமும் நம்மளுதுதான்."

அவர் சிரிக்கவில்லை. உறையில் போட்டு ஒட்டி ஆவியில் கிருமி நீக்குவதே, நோயாளி நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவர் எதிரில் பிரிப்பதற்குத்தான் என்றார். பிரித்து வைத்த கருவியும் கழுவாத கருவியும் ஒன்றுதானாம். துணியை முகர்ந்து பார்த்துவிட்டு ஏதோ எழுதினார்.

மற்றதில் ஒரு குறை இல்லை. தண்ணீர், பயன்படுத்திய ஊசியைப் போடும் டப்பா, எக்ஸ்ரே அறை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அவர் வாயாலேயே சொன்னார். தப்பு என்னுடையது, என் பேரில் எழுதுங்கள் என்று கேட்டேன். அந்தப் படிவத்தில் அப்பாவுக்கு இடமில்லையாம். உன் பேரில்தான் எழுதினார். மறுசோதனை வரைக்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது. உனக்குப் பதிலாக மாலையில் வரும் டாக்டருக்காகக் காத்திருந்தவர்களை நானே திருப்பி அனுப்பினேன். ஒருவருக்குக் கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. என்னைத் திட்டக்கூட அவரால் வாய் திறக்க முடியவில்லை.

சம்பந்தியம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா?

உன் அப்பா


மார்ச் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

அத்தை கம்பு பிடித்து நடக்கிறார். உங்களை விசாரித்தார்.

உறைகளுக்காக எனக்குக் கோபம் இல்லை. மறுபடி கிருமி நீக்கினால் அது சரியாகிவிடும். நர்ஸ் வேண்டாம் என்றாள், நீங்கள் சும்மா இரு என்றீர்கள், அவளும் சும்மா இருந்துவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் விட்டாய் என்று போனில் கேட்டேன். "எடமே ஐயாவோடது. நான் எப்படி டாக்டர் தடுக்கறது?" என்றாள். நாளைக்கு ஒரு நோயாளியின் வாயில் கை வைக்கும்போது இப்படி நடந்தால்? அதிகாரி எழுதாமல் விட்ட குறை இது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி காலியாக இருக்கிறதாம். வந்ததும் அங்கே மாறிவிடலாம் என்றிருக்கிறேன். வருத்தப்படாதீர்கள்.

உங்கள் மகள்


மார்ச் 11

பாப்பா,

அந்த மாடியைப் போய்ப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். தண்ணீர் நன்றாக வருகிறது. வெளிச்சம் நம் மாடியைவிட அதிகம். இடத்துக்காரர் மாதம் பன்னிரண்டாயிரம் வாடகை கேட்கிறார், அதுவும் நியாயம்தான். மனசாரச் சொல்கிறேன், வேறு யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பிடி என்பேன்.

ஆனால் நான் உன்னிடம் ஒரு காசு வாங்கியிருக்கிறேனா? சும்மா கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டுக் காசு கொடுத்து இடம் பிடிப்பது எந்த ஊர் வியாபாரம்? இனிமேல் கருவி அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். எழுதிக்கூடத் தருகிறேன்.

அப்பா


மார்ச் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொன்ன சொல் தவற மாட்டீர்கள். கருவி அறைக்கு வர மாட்டீர்கள். எக்ஸ்ரே அறைக்கு வருவீர்கள்.

காசு வாங்காததுதான் சிக்கல். முதல் கடையை வாடகைக்கு எடுத்தபோது அந்த இடத்துக்காரரைக் கல்லாப் பக்கம் விட்டீர்களா? வாடகை கொடுக்கிறேன், வெளியே நில்லுங்கள் என்று சொன்னதாக நீங்களே பெருமையாகச் சொல்வீர்கள். எனக்கு அந்த வாய் இல்லை. கொடுக்காத வாடகைக்கு எந்த முகத்தோடு கதவைச் சாத்துவது? அப்பாவை நிறுத்த என்னாலேயே முடியவில்லை, நர்ஸ் எப்படி நிறுத்துவாள்?

அந்த மாடிக்குக் கேட்கிற வாடகையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். நான் நம் மாடியிலேயே இருக்கிறேன். இல்லையென்றால் போகிறேன்.

உங்கள் மகள்


மார்ச் 29

அன்புள்ள டாக்டருக்கு,

மாடியில் இருப்பவருக்குக் கீழேயிருந்து கடிதம் எழுதுவது வேடிக்கைதான். ஆனாலும் பேசியதை எழுத்தில் வைப்பது நல்லது.

நீ ஊரிலிருந்து வந்து மறுசோதனை நடந்த அன்று நான் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. அதிகாரி படி ஏறியதைப் பார்த்தேன், இறங்கியதைப் பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேறியாயிற்று என்று நர்ஸ்தான் வந்து சொன்னாள். கணக்கர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்றார். மாடிக்கு வாடகைக்கு ஆள் வந்திருக்கிறது என்றேன்.

"எப்படி, நல்ல ஆளா?"

"ரொம்பக் கறார்."

"அப்ப வாடகை ஒழுங்கா வந்துடும்" என்றார்.

இத்தனை வருஷ வியாபாரத்தில், வாடகைக்கு வருகிறவர் ஏற்றிக்கொண்டே போக, இடத்துக்காரன் இறக்கிக்கொண்டே வந்த பேரம் இது ஒன்றுதான். நான் எட்டாயிரத்தில் நின்றேன், நீ விடவில்லை. முடிந்தபடி எழுதுகிறேன்.

வாடகை மாதம் பதினோராயிரம், ஐந்தாம் தேதிக்குள். முன்பணம் கிடையாது. சுண்ணாம்பும் குழாய் வேலையும் என் செலவு. சாவி இரண்டும் உன்னிடம். நான் மேலே வர வேண்டுமென்றால் முதல்நாளே நர்ஸிடம் கேட்டுக்கொண்டு வர வேண்டும், பல்வலியாக இருந்தாலும்.

இப்படிக்கு,
இடத்துக்காரர்